சிறுதேரும் சறுக்குப்பலகையும்

ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. கவுன் அணிந்திருக்கிறாள், காலில் செருப்புகூட இல்லை. நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகையொன்றின்மேல் முழங்காலை மடக்கி நின்று, சிமெண்டுச் சரிவொன்றில் இறங்குகிறாள். சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் இப்படத்தைத் தம் பக்கத்தில் பகிர்ந்தார். உலகெங்கும் அது பரவியது. படத்திலிருந்தவள் மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தி. கல்லில் தேர் செதுக்கி நிறுத்திய ஊரிலிருந்து, ஓடும் தேர் ஒன்றில் ஏறிய பெண்குழந்தை உலகத்தார் கண்ணில் பட்டாள் என்று நாம் அன்று வகுப்பறையில் சொன்னோம். மாணவியர் சிரித்தார்கள். அச்சிரிப்புக்குப் பின் எழுந்த கேள்வி ஒன்றுதான் இக்கட்டுரைக்குக் காரணம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்கேட்போர்டு என்பதற்குச் 'சறுக்குப்பலகை' என்று தமிழில் எழுதி வருகிறார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. சறுக்குதல் என்பது பிடி தவறுதல். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். இப்பலகையோ சக்கரத்தால் உருள்வது. ஏறி நிற்பவர் சறுக்காமல் இருப்பதே அதன் கலை. ஆயினும் வழக்கில் வந்துவிட்ட சொல்லை மாற்ற நாம் யார்? அதையே இங்கும் கொள்கிறோம்.

சக்கரத்துக்கும் பெண்குழந்தைக்கும் இடையே நம் இலக்கியம் வைத்த தூரத்தைத் தமிழ் படித்தவர்கள் உடனே நினைவுகூர்வார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிலர் கழங்கையும் சேர்ப்பர். சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணலில் வீடு கட்டுகிறார்கள். அதைச் சிதைப்பது ஆண்பிள்ளையின் விளையாட்டு. சிதைக்காதே என்று வேண்டுவது மட்டுமே சிறுமியரின் பங்கு. சிறுதேர் உருட்டித் தெருவில் ஓடுபவனும் அவனே. பெண்பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஊசல். ஊசலும் விரைவுடையதுதான், காற்றைக் கிழிப்பதுதான். ஆனால் எவ்வளவு உயர ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வரும். பட்டினப்பாலையில் குதிரையின்றி உருளும் மூன்றுகாற் சிறுதேரை ஓட்டுகிறவர்களும் புதல்வர்களே. காயவைத்த உணவைத் தின்ன வரும் கோழியின்மேல் மகளிர் எறிந்த காதணி அத்தேருக்கு வழித்தடையாகக் கிடக்கிறது. இலக்கியத்தைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. வாழ்க்கையில் இருந்ததையே புலவர் பாடினார். அது எவ்வளவு காலம் அப்படியே இருந்தது என்பதே வியப்பு.

ஏனெனில் 1980-களில் விருதுநகர்ச் சீமையின் தெருக்களில் நாம் கண்டதும் அதுவே. பனங்காய்க் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டி பையன்களுடையது. பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவதும் அவர்களே. லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையில் பூட்டி, மேட்டுத் தெருவிலிருந்து கடகடவென்று இறங்கும் பேரிங் வண்டியும் அவர்களே. கலிபோர்னியாவைப் பற்றி எதுவுமறியாத நம் ஊர்ப் பையன்கள் செய்த அந்தப் பேரிங் வண்டி, சறுக்குப்பலகையின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். நமக்கும் நம் தோழியருக்கும் இருந்தவை பாண்டி, தட்டாங்கல், பல்லாங்குழி, தாயம். எல்லாம் கட்டத்துக்குள் ஆடுபவை. ஒற்றைக்காலில் சில்லைத் தள்ளிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் எட்டுக் கட்டம் தாண்டும் சிறுமிக்கு உடற்சமநிலை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சக்கரம் மட்டும்தான் அவளுக்குத் தரப்படவில்லை.

ஆனால் இதே கந்தக பூமியில் சக்கரங்களை ஆயிரமாயிரமாகச் சுற்றியவர்களும் சிறுமியர்தாம் என்பதை எப்படி மறப்பது? சங்குச்சக்கரத்துக்குக் காகிதக் குழாய் சுற்றிய விரல்களைச் சொல்கிறோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்குகிறது சிவகாசியின் தொழில் வரலாறு. வானம் பார்த்த கரிசல் மண்ணுக்கு அது சோறு போட்டது. அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இருள் பிரியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். கட்டையில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், சரம் பின்னவும் சின்ன விரல்களே தோது என்று கருதப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு நம்முடன் படித்த பலர் 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போனார்கள். மகனைப் பள்ளிக்கும் மகளை ஆபீசுக்கும் அனுப்பிய வீடுகள் அன்று மிகுதி. ஆதலால் அங்கே வேலை செய்த பிள்ளைகளில் பெண்களே அதிகம். 1983-இல் ஸ்மிது கோத்தாரி இதுபற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அந்த முகங்களை இன்றும் காணலாம். 1986-இல் சட்டம் வந்தது. 1996-இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படிப்படியாகப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். நாம் இன்று பாடம் சொல்லும் மாணவியரில் பலர், குழந்தையாக அந்த வண்டியில் ஏறிய தாய்மார்களின் பெண்கள்.

தமிழகப் பெண்கள் சக்கரத்தின்மேல் ஏறிய முதல் பெருநிகழ்ச்சி இவ்விடத்திலிருந்து வடகிழக்கே புதுக்கோட்டையில் நடந்தது. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகினார்கள். ஏளனப் பேச்சு எழாமல் இல்லை. பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் அரசே பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியபோது அந்த ஏளனம் தானாகவே ஓய்ந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணை இன்று எந்த ஊரிலும் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் சைக்கிளுக்கு ஒரு சாக்கு இருந்தது: பள்ளிக்குப் போக, தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக. சறுக்குப்பலகைக்கு அப்படியொரு சாக்கு கிடையாது. அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. வெறும் விளையாட்டு. பெண்பிள்ளைக்கு வெறும் விளையாட்டு எதற்கு என்ற கேள்வியை அது நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டியிருந்தது.

இக்கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அது பிறந்த நாட்டிலேயே எழுந்தது. 1950-களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள், அலையில்லாத நாட்களில் தரையில் ஆடப் பலகைக்குச் சக்கரம் பூட்டினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொடக்கக் கதை. 1964-இல் அமெரிக்காவின் முதல் பெண் தேசிய வெற்றியாளரானார் பாட்டி மெக்கீ. 1965 மே மாதம் 'லைஃப்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது: ஓடும் பலகையின்மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக, வெறுங்கால்கள் வானை நோக்கி. இவ்விளையாட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்பதை மறந்துவிட்டுத்தான் பின்னாளில் இதனை ஆண்களின் ஆட்டம் என்றார்கள். (2024 அக்டோபரில் மெக்கீ காலமானார்.) 1970-களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்து களிமண் சக்கரம் ஒழிந்தது, ஆட்டம் வேகம் பிடித்தது. அக்காலத்துப் புகழ்பெற்ற ஸெஃபிர் அணியில் இருந்த ஒரே பெண் பெக்கி ஓக்கி. பிறகு இவ்விளையாட்டே சரிந்தது. மீண்டும் எழுந்தபோது வெற்று நீச்சல்குளங்களிலும் தெருப்படிகளிலும் முரட்டு இளைஞர்களின் அடையாளமாக மாறியிருந்தது. பத்திரிகைகள் பெண்களைப் பார்க்கவில்லை. பார்க்காததை இல்லையென்று எழுதுவது வரலாற்றில் பழைய வழக்கம்தானே.

அந்த ஆண்டுகளில் விடாமல் ஆடியவர் காரா-பெத் பர்ன்சைட். 1998-இல் தொழில்முறை வீராங்கனையான எலிசா ஸ்டீமர், 1999-இல் வெளிவந்த டோனி ஹாக் கணினி விளையாட்டில் இடம்பெற்ற ஒரே பெண் பாத்திரமானார். அந்தத் திரையில்தான் ஒரு பெண்ணும் இதைச் செய்யலாம் என்று உலகின் பல மூலைகளில் சிறுமியர் அறிந்தார்கள். பெரிய போட்டிகளில் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட பரிசு, ஆண்களுடையதில் சிறு துணுக்காக இருந்தது. பர்ன்சைடும் மிமி நூப் முதலியோரும் 2005-இல் சங்கம் அமைத்துப் பேரம் பேசினார்கள். 2009-இல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் பரிசுத்தொகை சமமாயிற்று. கூலிக்குப் போராடிய கதையாகவே இதையும் நாம் வாசிக்கிறோம்.

ஆசியாவுக்கு வருவோம். 2007-இல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் காபூல் நகருக்குக் கொண்டுசென்ற சில பலகைகளிலிருந்து 'ஸ்கேட்டிஸ்தான்' என்ற அமைப்பு தோன்றியது. அங்கே சிறுமியர் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது ஊர் வழக்கு. சறுக்குப்பலகையைப் பற்றியோ எந்த வழக்கும் இல்லை. யாருமே அதை முன்பு கண்டதில்லை. விலக்கப்படாத அந்த இடைவெளியில் சிறுமியர் நுழைந்தார்கள். புதுப்பொருளுக்குப் பால் வேறுபாடு வந்து ஒட்டிக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கிறது. அதற்குள் முந்திக்கொள்பவருக்கு அது சொந்தமாகிறது. நுங்கு வண்டிக்கு வந்த கதி இதற்கு அங்கே உடனே வரவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியதும் சிறுமியருக்கான அந்த வகுப்புகள் நின்றுபோயின என்பதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த அதிதா வர்கீஸ் 2015-இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா'வைத் தொடங்கிப் பல ஊர்களில் சிறுமியருக்குப் பயிற்சியளித்தார். அதே ஆண்டில் மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தின் ஜன்வார் கிராமத்தில், உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி ஒரு சிமெண்டுத் தளம் அமைத்தார். அங்கே விதிகள் இரண்டுதான்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளை கேட்டால் பையன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். அவ்வூர்ப் பழங்குடிப் பெண் ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். 2021-இல் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' திரைப்படத்துக்காக ராஜஸ்தானின் கேம்பூர் கிராமத்தில் கட்டிய தளம், படம் முடிந்தபின் ஊர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது. படத்தைவிட அந்தத் தளம் பெரிது என்பது நம் எண்ணம்.

கமலிக்குத் திரும்புவோம். கடலோடி மாமன் அலைப்பலகை கற்றுக்கொடுத்தார். அங்கே வந்த அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் சறுக்குப்பலகை பழக்கினார். தாய் சுகந்தி தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். பெண்பிள்ளையை இப்படி விடலாமா என்று சுற்றத்தார் கேட்டதையும், தமக்குக் கிட்டாத விடுதலை மகளுக்குக் கிட்டட்டும் என்று தாய் நின்றதையும் சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற ஆவணப்படம் காட்டுகிறது. அப்படம் 2020-இல் பாஃப்தா விருதின் பிரித்தானியக் குறும்படப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குச் சென்றது. விருது கிடைத்தது வேறொரு படத்துக்கு. அதுவும் காபூல் சிறுமியர் சறுக்குப்பலகை பழகுவதைப் பற்றியதே! ஐந்து படங்கள் கொண்ட ஒரே பட்டியலில் இரண்டு படங்கள் ஆசியச் சிறுமியரின் காலடிச் சக்கரத்தைப் பற்றியவை. இரண்டையும் எடுத்தவர்கள் வெளியார். நம் படத்தை நம்மவர் ஏன் முதலில் எடுக்கவில்லை என்ற குறை நமக்கு உண்டு.

கமலியின் படத்துக்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. 2015-இல் பிரேசிலின் இம்பராட்ரிஸ் நகரில் ஏழு வயதுச் சிறுமி ராய்ஸா லியால், நீல நிறத் தேவதை உடையணிந்து பலகையோடு படிக்கட்டைத் தாண்டும் காட்சியையும் டோனி ஹாக்தான் பகிர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ராய்ஸா வெள்ளி வென்றார். தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கும் வயது பதின்மூன்று. வெண்கலம் வென்ற ஃபூனா நாகயாமாவுக்குப் பதினாறு. மூவர் வயதையும் கூட்டினால் நாற்பத்திரண்டு. 2024 பாரிஸில் தங்கம் வென்ற கோகோ யோஷிஸாவாவும் அரிசா ட்ரூவும் பதினான்கு வயதினர். ராய்ஸாவுக்கு இம்முறை வெண்கலம்.

கமலியோ இன்று அலைச்சறுக்கு வீராங்கனையாகவே அறியப்படுகிறார். தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பட்டங்கள் வென்றிருக்கிறார். தரையிலிருந்து கடலுக்குப் போனதில் இழப்பொன்றும் இல்லை. கலிபோர்னியாவில் அலையிலிருந்து தரைக்கு வந்த ஆட்டம் மாமல்லபுரத்தில் எதிர்த்திசையில் சென்றிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அலையை யாரும் கட்டித்தர வேண்டியதில்லை, சிமெண்டுத் தளத்தை யாரேனும் கட்டித்தர வேண்டும் என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பயிற்சித் தடம் உள்ள இடத்தில் தமிழ்ப்பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 2023 அக்டோபர் 2 சான்று: ஹாங்சூ ஆசிய விளையாட்டில் மூவாயிரம் மீட்டர் சக்கரச்சறுக்குத் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் தமிழகத்தார். அது காலில் பூட்டும் சக்கரம், பலகையன்று. ஆயினும் சிறுதேர்ப் பருவம் பெண்பாலுக்கும் வந்துவிட்டதென்று நம் நூலோர்க்கு அறிவிக்க அது போதும்.

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். கமலியின் படத்தைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்தபின், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்:

"விழுந்து கால்ல தழும்பு கிழும்பு ஆயிருச்சுன்னா வீட்ல வைவாகளேம்மா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாகள்ல?"

நாம் விடை சொல்லுமுன் பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். அவள் தாய் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர்.

"எங்கம்மா கையில முழங்கை வரைக்கும் தழும்புடி. பன்னெண்டு வயசுல வந்தது. அதுக்கு யாரு வஞ்சாக?"

வகுப்பு அமைதியானது. நம்மிடமும் சொல் இல்லை. வேலையில் வந்த தழும்பை ஊர் கணக்கில் எடுப்பதில்லை. விளையாட்டில் வரக்கூடிய தழும்புக்கு முன்கூட்டியே அஞ்சுகிறது. மாமல்லபுரத்துத் தாயிடம் சுற்றத்தார் கேட்டதும் இக்கேள்வியின் இன்னொரு வடிவமே. பிள்ளைத்தமிழ்ப் பாடத்தை அன்று ஊசலோடு நிறுத்தினோம்.

மறுவாரம் அந்த இரண்டாம் மாணவி, வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள். அதற்கு எவ்வளவு பெரிய தளம் வேண்டும் என்று கேட்டாள். ஒரு நெற்களம் அளவு இருந்தால் தொடங்கலாம், வழவழப்பாக இருக்க வேண்டும் என்றோம்.

"எங்கூர்ல பஞ்சாயத்துல உலர்களம் போட்டு வச்சிருக்காகம்மா. அறுப்பு முடிஞ்சா அப்புறம் சும்மாதான் கெடக்கு" என்றாள். பிறகு பலகை என்ன விலை என்று கேட்டாள். நமக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.